மூச்சு முட்டாத மருந்து

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் என் கணவர் கடற்கரைப் பக்கம் போவது காற்று வாங்கத்தான் என்று நினைத்திருந்தேன். நான் பிலிம் கழுவத் தொடங்குகிற நேரத்தில்தான் அவர் சட்டையை மாட்டுகிறார் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

எங்கள் வீடு திருகோணமலை உள்துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு குசினி. குளியலறை யன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, அந்த இருட்டில் பிலிமைச் சுற்றிச் சின்ன டாங்கிக்குள் வைத்து மூடிவிடுவேன். மிச்ச வேலையெல்லாம் குசினி மேசையில், வெளிச்சத்திலேயே நடக்கும்.

நான் நெடுங்காலம் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவள். பல் எக்ஸ்ரே படங்களைச் சிவப்புக் கண்ணாடி மூடிய ஓர் இருட்டுப் பெட்டிக்குள் கையை விட்டுக் கழுவி எடுப்பது என் வேலைகளில் ஒன்று. பிறகு கொம்பியூட்டர் வந்தது, பெட்டி போனது. வேலை இலகுவாகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், உண்மைதான். ஆனால் வெறும் தகட்டில் ஒரு பல்லின் வேர் மெல்ல மெல்லத் தெரிந்து வருவதைப் பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த தம்பி தன் பழைய பிலிம் கமெராவை எனக்கென்று விட்டுவிட்டுப் போனபோது, கழுவுகிற வேலையையும் நானே செய்யலாம் என்ற ஆசைதான் முதலில் வந்தது.

மூன்று மருந்து வேண்டும். படத்தை எழுப்ப ஒன்று, எழும்பியதை அந்த இடத்திலேயே நிறுத்த ஒன்று, பிறகு வெளிச்சத்தில் அழியாமல் நிலைக்கவைக்க ஒன்று. பிலிமோடு வந்த துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தபடியே மூன்றையும் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். அவற்றின் மணம் என் மூக்குக்கு மணமாகவே படவில்லை. கிளினிக்கில் பழகிப்போன மூக்கு.

பக்கத்து வீட்டில் மூதூரிலிருந்து வாழ வந்த ஒரு தங்கச்சி இருக்கிறாள். ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, அண்ணனுக்கு முட்டு வருத்தம் கூடவா இருக்கு?"

"இல்லையே. ஏன்?"

"நேத்தும் கடற்கரை மதில்ல இருந்து வாய்க்குள்ள பம்ப் அடிச்சிக்கிட்டு இருந்தாரு. போன கிழமையும் கண்டன். கதைக்கவும் ஏலாம இருந்தாரு."

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு, அதாவது ஆஸ்துமா, உண்டு. பஸ் ஓட்டிய காலத்தில் புழுதியில் கூடும், பிறகு தணியும். ஓய்வு பெற்றபின் குறைந்துவிட்டது என்றுதான் இருவரும் நம்பிக்கொண்டிருந்தோம். அன்று இரவுச் சாப்பாட்டில் அவரிடம் நேரே கேட்டேன்.

"மருந்து மணம் உங்களுக்கு ஒத்துவரேல்லை, என்ன?"

அவர் புட்டைப் பிசைந்தபடி இருந்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"முதல் நாள் நீர் அந்த ஈரப் பிலிமைத் தூக்கி வெளிச்சத்திலை பாக்கேக்க உம்மட முகத்தைப் பாத்தனான். சொல்ல மனம் வரேல்லை."

அடுத்த நாள் காலையிலேயே போத்தல்களையெல்லாம் பெட்டிக்குள் அடுக்கி அலுமாரிக்கு மேல் ஏற்றினேன். கமெராவைத் தம்பிக்கே திருப்பி அனுப்பலாம் என்றுகூட நினைத்தேன். மத்தியானம் சந்தைக்குப் போய் வந்த என் மனுசன் கதிரையைப் போட்டு ஏறி, பெட்டியை இறக்கிவிட்டார்.

"இஞ்சாரும், மூண்டும் சேந்தோ முட்டுது? ஏதோ ஒண்டுதான் முட்டும். எது எண்டு பாப்பம்."

நான் சம்மதிக்கவில்லை. அந்த மாதம் நெஞ்சுக் கிளினிக்குக்குப் போனபோது டொக்டரிடமே கேட்டேன். புளிப்பாக, காரமாக மூக்கில் ஏறுகிற மருந்து எதுவும் இவருக்குக் கூடாது, கதவு யன்னல் திறந்திருக்கட்டும், தூள் பறக்க விடாதீர்கள் என்றார். அதற்குப் பிறகுதான் நான் இறங்கி வந்தேன். நல்ல கடற்காற்று வீசிய ஒரு காலையில் அவரைக் குசினிப் படியில் பம்ப்போடு இருத்திவிட்டு, முற்றத்தின் கோடியில் கிணற்றடியில் நின்று ஒவ்வொரு மூடியாகத் திறந்தேன்.

முதல் மருந்துக்கு அவர் தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு, "வினாகிரி மாதிரிக் கிடக்கு. தொண்டையைக் கடிக்குது" என்றார். மூன்றாவதைத் திறந்ததுதான் தாமதம், கை பம்ப்புக்குப் போய்விட்டது. நான் உடனே மூடினேன்.

இரண்டாவது மருந்துக்கு விடை என்னிடமே இருந்தது. கிளினிக்கில் அந்த இடத்தில் நாங்கள் வெறும் தண்ணீரில்தான் அலசுவோம். அத்தனை வருடம் செய்ததை மறந்துவிட்டுத் துண்டில் இருந்ததற்காக அமிலம் வாங்கியிருக்கிறேன். அந்தப் போத்தலை மூடி ஒதுக்கிவிட்டேன்.

மூன்றாவதுதான் கரைச்சல். அதில்லாமல் படம் நிற்காது. கொழும்புக் கடைகளுக்கு ஃபோன் கோல் எடுத்தால் எல்லாரிடமும் அதே காரமான மருந்துதான். இரவில் இருவருமாக ஃபோனில் தேடினோம். பழைய காலத்தில் ஹைப்போ என்ற உப்பைத் தனியாகத் தண்ணீரில் கரைத்தே இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள், மணமில்லை, ஆனால் சுணங்கும், நேரம் எடுக்கும் என்று போட்டிருந்தது. அதன் கீழே, குழாய்த் தண்ணீரில் குளோரின் எடுக்கவும் இதைப் போடுவார்கள் என்று ஒரு வரி. அவர் கண்ணாடியைச் சரிசெய்து அதை இரண்டாம் தரம் வாசித்தார்.

"இது மீன்தொட்டிக் கடையிலை விக்கிற சாமான் எல்லோ?"

அடுத்த நாள் பஸ் ஏறிப் பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனோம். கடை முழுக்க வண்ண மீன்கள். கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கற்கண்டு போல இருந்த ஹைப்போப் பையை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"தொட்டி எத்தினை அடி, அண்ணன்?"

"தொட்டி இல்லை, நானா. இது படத்துக்கு."

"படத்துல மீனா?"

நான் முழுக்கதையையும் சொன்னேன், முட்டு வருத்தம் உட்பட. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நிறுத்த பைக்கு மேல் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார். "இது முடிஞ்சா கோல் எடுங்க அக்கா. வருத்தக்கார மனுசன அலைய வைக்காதீங்க. பஸ்ல குடுத்து விடுறன்." இன்றுவரை அப்படித்தான் குடுத்துவிடுகிறார்.

முதல் மருந்து மணக்கவில்லை என்றாலும் அது தூள். கரைக்கும்போது பறக்கும் என்று எனக்குப் பயம். கோப்பித் தூளும் சலவைச் சோடாவும் விற்றமின் சீயும் கலந்தாலும் படம் எழும்பும் என்று யாரோ எழுதியிருந்ததைப் பார்த்துச் செய்தும் பார்த்தேன். படம் எழும்பியது, மெலிந்து மண்ணிறமாக. ஆனால் அந்த நாற்றம். வேலிக்கு அப்பாலிருந்து தங்கச்சி, "என்னக்கா, எலி கிலி செத்துக் கிடக்கா?" என்றாள். இவருக்கு நெஞ்சு அடைக்கவில்லை, சிரித்துத்தான் இருமினார். கடைசியில், தண்ணீரில் சில துளி விட்டாலே போதுமான ஒரு திரவ மருந்தைக் கொழும்பில் எடுத்தேன். எங்கள் வெக்கைக்கும் அது பழுதாகாமல் கிடக்கிறது. குழாய்த் தண்ணீர் சுடும் என்பதால் ஐஸ்கட்டி போட்டுக் குளிர்த்திக்கொள்வேன்.

புதிய மருந்துகளோடு கழுவிய முதல் ஞாயிறு அவர் சட்டையை மாட்டவில்லை. குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்தார். நான் டாங்கியை ஆட்டுவதை நிறுத்தினால், "ஆட்டும், ஆட்டும்" என்றார். ஹைப்போ சொன்னபடியே சுணங்கியது. அதில் கொஞ்ச நேரம் ஊறியபின் வெளிச்சம் பட்டாலும் படம் போகாது என்பதால் நடுவில் திறந்து பார்த்தேன், பிலிம் இன்னும் பால் மாதிரி மங்கலாகக் கிடந்தது. பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன்.

"பொறுத்துப் பாரும். அவசரமென்ன?" என்றார்.

மறுபடி திறந்தபோது மங்கல் போய்த் தெளிந்திருந்தது. கழுவி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வலை காயும் வள்ளங்கள், மதிலில் ஏறி நின்ற தங்கச்சியின் ஆடு, முற்றத்தில் பேப்பர் வாசிக்கிற இவர். அவரும் எழும்பி வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார். எங்கள் வீட்டில் கழுவிய பிலிம் ஒன்றை ஈரத்தோடு அவர் கிட்ட வந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"வெள்ளையும் கறுப்பும் மாறிக் கிடக்கு" என்றார். பிறகு தன் படத்தில் விரல் படாமல் காட்டினார். "என்ர நரைமயிரெல்லாம் கறுப்பாப் போச்சு. இதை இப்பிடியே விடும். பிரிண்ட் போடாதையும்."

எனக்கு அழுகை வரும்போலிருந்தது, சிரித்துவிட்டேன். கொடியில் பிலிமைத் தொங்கவிட்டுக் கீழே ஒரு உடுப்புக் கிளிப்பைப் பாரத்துக்குப் போட்டேன். அவர் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்தார்.