மூன்று நட்சத்திரங்களுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

சண்முகசுந்தரிக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. சங்கரன்கோவில் ரத வீதிகளைத் தேர் ஒருமுறை சுற்றுவதற்குள் இவள் மூன்று சுற்று வந்துவிடுவாள் என்றால் நீங்கள் நம்ப வேண்டாம். வடம் பிடித்தவர்கள் நம்பினார்கள். அப்படிப்பட்டவளை 1948 ஆடியில், தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிய வாரத்தில், முற்றத்து மூலையில் தென்னங்கீற்றால் கட்டிய குச்சுக்குள் உட்கார வைத்தார்கள். பெரியவளாகிவிட்டாள். பதினாறு நாள் அந்தச் சின்னக் குடிலை விட்டு வரக் கூடாது. அவள் தொட்டதை வீட்டில் யாரும் தொடக் கூடாது. கடைசி நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, குச்சைப் பிரித்து, உள்ளே கிடந்த பாயோடும் பழந்துணியோடும் கொளுத்திவிடுவார்கள்.

உள்ளேயும் அவள் உட்காரவில்லை. நடந்தாள். அந்த நடையில் குச்சு கிழக்கே ஒரு முழம் நகர்ந்துபோனதாக அந்தத் தெருவில் இன்றும் சத்தியம் செய்வார்கள்.

தபசு பார்க்க முடியாதது அவளுக்குப் பெரிதில்லை. எட்டாம் வகுப்புக்குத் திரும்பிப் போக விடுவார்களா என்பதுதான் அவள் கவலை. அப்பா தில்லைநாயகம் கோவில் அலுவலகத்தில் குமாஸ்தா. தன் அக்கா சொல்லைத் தட்டாதவர். அந்த அக்கா நெல்லையம்மாள், வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு மூட்டை நெல்லோடும் ஒரு முடிவோடும் வந்திறங்கினாள்.

"இனி என்ன தம்பி பள்ளிக்கூடம்? தை பொறந்ததும் என் மகன் கோமதிசங்கருக்கும் இவளுக்கும் முகூர்த்தத்தை வச்சிருவோம்."

"சரிக்கா" என்றார் அப்பா. அக்காவை எதிர்த்து அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

சுந்தரியிடம் ஒரே ஒரு துணை இருந்தது. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை ஞானபூரணம் டீச்சர் பக்கம் பக்கமாகக் கிழித்துச் சேர்த்து, தைத்து, அட்டை போட்டு வைத்திருந்த கட்டு. பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் பெரியவளானபோது அது கையில் இருந்ததால், அவளோடு சேர்ந்து அதுவும் தீட்டாகிக் குச்சுக்குள் போயிற்று.

மத்தியானங்களில் அத்தைக்குப் பொழுது போகவில்லை.

"ஏட்டி, அது என்ன புஸ்தகம்?"

"கதை அத்தே."

"சத்தமாப் படி. எனக்கும் உக்காந்து உக்காந்து முதுகு வலிக்கி."

சுந்தரி படித்தாள். அத்தை, அம்மா, பக்கத்து வீட்டு இசக்கித்தாய் மூவரும் குச்சுக்கு எட்டத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். கற்பகவல்லி என்றொரு கெட்டிக்காரச் சிறுமியும் அவள் அண்ணனும் வளர்கிற கதை. அண்ணன் வளர்ந்து ஆளாவது நாலு அத்தியாயம்: அப்பாவோடு சண்டை, ரயில், பட்டணம், பட்டினி, மீசையோடு வீடு திரும்புதல். பிறகு கற்பகவல்லியின் முறை வந்தது. 'அந்த ஆண்டு அவள் பெரியவளானாள்' என்று ஒரு வரி. அதன் கீழே இடைவெளிக்கு அச்சடித்த மூன்று நட்சத்திரங்கள். நட்சத்திரங்களுக்குக் கீழே கல்யாண மேளம்.

சுந்தரி விரலை எச்சில் தொட்டு, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டதோ என்று பிரித்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. அண்ணனுக்கு நாலு அத்தியாயம். இவளுக்கு மூன்று நட்சத்திரம்.

"என்னட்டி நிப்பாட்டிட்டே?"

அத்தையின் முகத்தைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். "'என்னை மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்' என்றாள் கற்பகவல்லி" என்று படித்தாள்.

அந்த மூன்று நட்சத்திரங்களுக்குள் மத்தியானம் மத்தியானமாக என்னவெல்லாம் அடங்கிற்று! கற்பகவல்லி சிலேட்டைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டாற்றை நீந்தினாள். மலையிலிருந்து இறங்கிய சிறுத்தைக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லித் தூங்க வைத்தாள். படிப்பை நிறுத்தச் சொல்லி ஒரு பொல்லாத மாமி வேறு வந்து சேர்ந்தாள்.

"யாரவ அந்த மாமி? அவ வாயில மண்ணு விழ!" என்றாள் நெல்லையம்மாள். "படிக்க ஆசைப்படுத பிள்ளையைப் பிடிச்சு இப்படியா செய்வாக?"

இசக்கித்தாய் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எழுத்துத் தெரிந்த அம்மாவுக்குச் சந்தேகம்தான். ஆனால் தீட்டுப் புத்தகத்தை எப்படி வாங்கிப் பார்ப்பது? சுந்தரிக்கு உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. அத்தை கனிந்துகொண்டு வருகிறாள். குச்சு எரிந்தால் கட்டும் எரிந்துவிடும். அதுவரை தாக்குப்பிடித்தால் போதும்.

எரிப்பதற்கு முந்தின நாள் ஞானபூரணம் டீச்சர் வந்தார். நேரே குச்சுக்குள் கையை நீட்டினார்.

"ஐயையோ, தொட்டிராதீங்க டீச்சர், தீட்டு!" என்றாள் அத்தை.

"எங்க கிறிஸ்தவ வேதத்துல அதெல்லாம் கிடையாதுக்கா. நாளைக்குக் கொளுத்திருவீங்கன்னு கேள்விப்பட்டு ஓடி வாரேன். ஒரு வருசமாச் சேத்த கட்டு."

"டீச்சர், வேண்டாம் டீச்சர்" என்றாள் சுந்தரி. அதற்குள் கட்டு டீச்சர் கைக்குப் போய்விட்டது.

"நல்லதாப் போச்சு" என்றாள் அத்தை. "கற்பகவல்லி பரீட்சைக்குப் போனதோட கதை நிக்கி. பாஸா, பெயிலான்னு பாத்துச் சொல்லுங்க."

"பரீட்சையா?" டீச்சர் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, வகுப்பில் படிப்பதுபோல நிறுத்தி நிதானமாகப் படித்தார். தலைப்பிரசவம், விடியும்போது அழுகுரல், முற்றும்.

"செத்துட்டாளா?"

"ஆமாக்கா."

"அப்ப அந்தச் சிறுத்தை?"

"சிறுத்தை ஏது?"

குச்சுக்குள் நடைச் சத்தம் முதல்முறையாக நின்றது.

"ஏட்டி சுந்தரி. அந்த மாமியும் பொய்யா?"

"நாந்தான் அத்தே சொன்னேன்."

கோவிலிலிருந்து வந்த தம்பி தில்லைநாயகம் செருப்பைக் கழற்றுமுன் நெல்லையம்மாள் பிடித்துக்கொண்டாள். "இவ எனக்கு வேண்டாம் தம்பி. புஸ்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு, என் மூஞ்சியைப் பாத்து, கண்ணு இமைக்காம இத்தனை நாளும் புளுகியிருக்கா. இவளை மருமகளாக் கூட்டிட்டுப் போனா, என் வீட்டுல எது நெசம்னு எனக்கே தெரியாமப் போயிரும். என் மகன் சூதுவாது தெரியாத பய."

"அப்ப இவளை என்னக்கா செய்ய?"

"சும்மா வீட்டுல வச்சா இன்னும் என்ன கதையைக் கட்டுவாளோ! பள்ளிக்கூடத்துக்கே அனுப்பு. அங்கன போய்ப் புளுகட்டும்."

"சரிக்கா" என்றார் அப்பா.

மறுநாள் குச்சு எரிந்தது. அடுத்த திங்கட்கிழமை சுந்தரி, மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே, பள்ளிக்கூடக் கதவுக்கு வெளியே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

அத்தை ஒரு வருஷம் பேசவில்லை. அடுத்த தபசுக்கு வந்தாள், சாப்பிட்டாள், வெற்றிலை போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தாள். பிறகு சுவரிடமே கேட்டாள்: "அந்தப் பிள்ளை பாஸ் பண்ணிட்டாளா இல்லையா?"

"அவதான் செத்துட்டாளே அத்தே."

"அது டீச்சர் படிச்ச கதை. நான் ஒன் கதையைக் கேக்கேன்."

"பாஸ் அத்தே. இப்ப ஒம்பதாவது படிக்கா."

அதன்பிறகு ஒவ்வொரு தபசுக்கும் கற்பகவல்லி ஒரு படி ஏற வேண்டியிருந்தது. அவள் ஏற வேண்டுமானால் சுந்தரியும் ஏறியாக வேண்டும். சுந்தரி எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் விழுந்த வருஷம் கற்பகவல்லியும் விழுந்தாள். "சிறுத்தையையே தூங்க வச்சவளுக்குக் கணக்கு வரலியா?" என்று அத்தை கத்திய கத்தில் அக்டோபர் மறுபரீட்சையில் இருவரும் தேறினார்கள். பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி முடித்து, குருவிகுளம் பள்ளிக்கு வேலைக்குப் போனாள் சுந்தரி. அங்கே அவளுக்குப் போட்ட நாற்காலி கடைசிவரை புதிதாகவே இருந்தது.

வேலை கிடைத்த வருஷத்துத் தபசில் அத்தை மெதுவாக ஆரம்பித்தாள். "ஏட்டி, கற்பகவல்லிக்குக் கல்யாணம் எப்ப?"

"அண்ணனுக்கு நாலு அத்தியாயம் அத்தே. இவளுக்கு இப்பத்தான் ரெண்டு முடிஞ்சிருக்கு."

"இழுக்காத, சொல்லு" என்று தலையணையை இவள் பக்கமாகத் திருப்பிப் போட்டாள் நெல்லையம்மாள்.