பச்சை பெயிண்டுக்குக் கீழே

"மெஷினத் தொட்டா சுள்ளுங்குதுங்க" என்றாள் என் மனைவி. அப்போது சோறு வடித்துக்கொண்டிருந்தாள். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரல்.

பர்கூர் அருகே கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையில் அவளுக்கு வேலை. கல்லின்மேல் பாலிஷ் வட்டு சுழலும். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். வழிகிற சேற்றை அவள் தள்ளிவிட வேண்டும். ஷிப்ட் முடியும்வரை பாதம் காயாது. ஆயுத பூஜைக்குப் பிறகுதான் இப்படி அடிக்கிறது என்றாள்.

மறுநாள் வண்டியில் அவளைக் கொண்டுவிடப் போனவன், உள்ளேயும் போனேன். மோட்டார் புதுப் பச்சையில் பளபளத்தது. அதன்மேல் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். சூப்பர்வைசர் வீட்டில் தெலுங்கு பேசுபவர், மரியாதையானவர்.

"அது ஆர்மர்டு கேபிள் சார். உள்ள வயரு, அதச் சுத்தி இரும்புக் கம்பி. அந்தக் கம்பிதான் எர்த்து. தனியா இன்னொண்ணு எதுக்கு?"

பாதி சரி. மோட்டாரில் கசியும் மின்சாரம் அந்த இரும்புக் கம்பி வழியாகத் தரைக்குப் போய்விடும். ஆனால் கேபிள் நுழையும் இடத்தில் கம்பியைக் கவ்வியிருக்கும் பித்தளை கிளாண்ட், மோட்டாரின் இரும்பை நேராகத் தொட வேண்டும். பூஜைக்காக கிளாண்டைக் கழற்றி, துளையின் விளிம்பு உட்பட எல்லா இடத்திலும் பெயிண்ட் அடித்து, காய்ந்த பிறகு திரும்ப மாட்டியிருந்தார்கள். இரும்புக்கும் பித்தளைக்கும் நடுவே பச்சை பெயிண்ட் இருந்தது.

இதை எனக்குக் காட்டியவர் அன்று அங்கே வந்திருந்த எலக்ட்ரீஷியன். அக்கம்பக்கத்துப் பட்டறைகளுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். டெஸ்டரை மோட்டாரின் உடம்பில் வைத்தார். எரிந்தது.

"சாமிக்கு அலங்காரம் பண்ணி எர்த்த மூடிட்டீங்களேய்யா."

"சுரண்டிடலாமே" என்றேன்.

"பூஜை போட்ட மோட்டாருங்க சார்" என்றார் சூப்பர்வைசர். "உளி வெச்சா மொதலாளி சும்மா இருப்பாரா? லோடு வேற போவணும். அமாவாசைக்கு மெஷின் நிக்கும், அன்னிக்குப் பாத்துக்கலாம். அதுவரைக்கும் அக்கா பலகை மேல நிக்கட்டும்."

"பலகை நனையாதா? நனஞ்சா மரமும் கம்பிதான்" என்றார் எலக்ட்ரீஷியன். அதற்குள் அவருக்கு வேறு பட்டறையிலிருந்து போன் வந்தது. போய்விட்டார்.

நான் ஒரு நாளிதழின் மாவட்டச் செய்திப் பிரிவில் இருக்கிறேன். இந்த வகைச் செய்திக்கு எங்களிடம் நான்கு வரி. 'மின்சாரம் தாக்கி' என்று தொடங்கும், 'போலீசார் விசாரிக்கின்றனர்' என்று முடியும். இடையில் மோட்டாருக்கு இடமில்லை.

அமாவாசை வந்தது. மெஷின் நின்றது. பூசணிக்காய் உடைத்தார்கள். சூளகிரியில் ஒரு மோட்டார் எரிந்துவிட்டதென்று எலக்ட்ரீஷியன் அங்கே போயிருந்தார். மறுநாள் காலை மெஷின் ஓடத் தொடங்கியது.

வேலையை விட்டுவிடச் சொன்னேன்.

"விட்டுட்டு? சூளகிரி புதுக் கம்பெனிங்கள்ல என் வயசப் பாத்தா கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவான். உங்க பேப்பர்ல சேத்துக்குவாங்களா?"

புகார் கொடுக்கலாம் என்றேன்.

"குடுங்க. பட்டறைய மூடுவாங்க. மோட்டாரச் சரி பண்ண மாட்டாங்க."

அவள் சொன்னபடிதான் நடக்கும் என்பது எனக்கும் தெரியும்.

போன வாரம் அவளுக்குத் துணையாக ஒடிசாவிலிருந்து ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. முதல் நாளே என் மனைவி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் திருப்பி, மெஷினை எப்படித் தொட வேண்டும் என்று காட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"புறங்கையாலதான் தொடணும். உள்ளங்கைன்னா புடிச்சுக்கும், விடாது. பாஷையே வேணாம், ஒரே தடவைல புரிஞ்சுகிட்டா."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.