லிஃப்டம்மா

வீட்டில் எல்லோரும் அவளை லிஃப்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணன் வைத்த பெயர். சின்ன வயதில் ஒரு துணிக்கடையின் லிஃப்டுக்குள் போனவளை வெளியே கொண்டுவர அம்மா படாத பாடு பட்டாள். அன்று பிடித்த பைத்தியம் முப்பதைத் தாண்டியும் விடவில்லை. கிளம்பும் சத்தத்தைக் கேட்டே மோட்டார் பழசா புதுசா, எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். மனசு சரியில்லாத நாட்களில் எதிர்த்தெரு ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கிருக்கும் லிஃப்டில் மேலும் கீழுமாகப் போய்வருவாள். திரும்பும்போது முகம் தெளிந்திருக்கும்.

அவளுக்கு ஆட்டிசம் என்பதே தாமதமாகத்தான் தெரிந்தது. கண்டுபிடித்த டாக்டர், "பிடிச்ச விஷயத்துலயே வேலை தேடுங்க, அதுதான் இவங்களுக்கு ஒத்துவரும்" என்றார். அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். யார் யார் காலிலோ விழுந்து, லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை வாங்கிக் கொடுத்தான். முதல் நாள் அவள் சாப்பிடாமலே ஓடினாள்.

அங்கே அவளுக்குக் கிடைத்தது ஃபோன் வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அழுத்தினால் அழைப்பு அந்த அறைக்கு வரும். "மெக்கானிக் வந்துட்டே இருக்கார், பயப்படாதீங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாலைந்து ஃபோன்கள் ஒன்றாக அலறும். கத்துவார்கள், அழுவார்கள், வாயில் வந்தபடி திட்டுவார்கள். காதுக்குள் ஊசி இறங்குவதுபோல இருக்கும். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் கம்பெனி ஆயிற்றே!

ஒருநாள் ஒரு வயதான அம்மாள் தனியாக மாட்டிக்கொண்டார்.

"ஏம்மா, கீழ விழுந்துடுமா?"

"விழாதுங்க. ஒரு கயிறு அறுந்தாலும் மத்த கயிறு தாங்கும். எல்லாமே அறுந்தாலும் அடியில இருக்கிற பிடிப்பு ரெண்டு பக்கமும் இருக்கிற தண்டவாளத்தைக் கவ்விக்கும்."

அந்த அம்மாள் காதில் விழுந்தது 'அறுந்தாலும்' மட்டும்தான். "மெக்கானிக் வந்துட்டாரா?" என்று விம்மினார்.

"இன்னும் கிளம்பவே இல்லைங்க."

மெக்கானிக் போய்க் கதவைத் திறந்தபோது அந்த அம்மாள் மயங்கிக் கிடந்தார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய மகன் கம்பெனிக்கே வந்து சண்டை போட்டுவிட்டுப் போனான்.

மேனேஜர் பொல்லாதவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "நீ சொன்னதுல தப்பே இல்லம்மா. ஆனா அதையெல்லாம் யாரு கேட்டா?"

"அவங்கதான் சார் கேட்டாங்க. விழுமான்னு."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"மோட்டார் இருக்கிற மெஷின் ரூம்ல போடுங்க சார். பெருக்குற வேலைன்னாலும் பரவாயில்ல."

"படிச்சவங்களைத் தவிர யாரையும் அங்க விட முடியாதும்மா. எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க."

அன்றோடு அந்த வேலை போயிற்று. வீட்டில் அண்ணன் வெடித்தான். "வந்துட்டே இருக்கார்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய்ல இருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"அவர் வரலையே அண்ணா."

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். லிஃப்ட் கதவு மூடியது. மோட்டார் கிளம்பிய சத்தத்துக்குள்ளிருந்து அந்த அம்மாளின் விம்மல் கேட்டது. அடுத்த மாடியிலேயே இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு படிவழியாக வந்தாள். மறுநாளும் போய்ப் பார்த்தாள். அதே விம்மல்தான். பிறகு போகவில்லை.

இப்போது ஒரு குடோனில் அட்டைப்பெட்டி மடிக்கிறாள். பக்கத்து மேசைப் பெண் சிநேகமாக, "உனக்கு என்னக்கா பிடிக்கும்?" என்று கேட்டாள். "முன்னாடி ஒண்ணு பிடிச்சுது" என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியை மடித்தாள்.

போன வாரம் சித்தி வந்திருந்தாள். கூடத்தில் அம்மா குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்: "இப்பதான் கொஞ்சம் மனுஷியாட்டம் இருக்கா. லிஃப்ட் பேச்சே இல்ல. ஏதோ அந்த வேலைக்குப் போனதுல அந்த நல்லதாவது நடந்துச்சே."

அடுக்களையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது நன்றாகவே கேட்டது. அடுத்த தட்டை எடுத்தாள்.