மாட்டுச் சந்தையில் ஒரு வாக்குமூலம்

நம்மை யாருக்கும் தெரியாத ஊர் என்று ஒன்று கொங்கு நாட்டில் இருக்கிறதா? பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில், ஒரு தரகரின் துண்டுக்கடியில் என் வலக்கை சிக்கியிருந்தபோது இந்தக் கேள்வி எழுந்தது. கோவையில் பஸ் ஏறுவதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். நான் சமூகப்பணியில் முதுகலை படித்தவன். எதையும் அதன் விளைவுகளை ஆராய்ந்த பிறகே செய்வேன். குடி ஒன்றுதான் விதிவிலக்கு.

வீட்டு நிலவரத்தில் ஐயத்துக்கு இடமில்லை. "பாப்பாளுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் பாப்பேனுங்க. அதுக்குள்ள நீங்க நிறுத்தலீன்னா அவளக் கூட்டிக்கிட்டு எங்க ஊருக்குப் போயிருவேன். திரும்பக் கூப்பிட வராதீங்க" என்று மனைவி சொல்லியிருந்தாள். அவள் ஊர் சத்தியமங்கலம். கோபத்தில் சொல்லியிருந்தால் சமாதானம் பேசியிருப்பேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

மருத்துவரிடம் போனேன். அவர் மாத்திரைகள் எழுதினார். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் கூட்டங்களுக்குப் போகச் சொல்லி, ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்தார்.

மறுமுனையில் இருந்தவர் உற்சாகமாகப் பேசினார். "ஊடு எங்கீங்க?"

"ஆர்.எஸ்.புரமுங்க."

"அட, அங்கயே வாராவாரம் நடக்குதுங்களே!"

அங்கேயே நடப்பதுதான் சிக்கல். கல்லூரி கல்லூரியாகச் சென்று மதுவின் தீமைகளைப் பற்றி உரையாற்றுபவன் என்று அங்கே என்னைப் பலருக்கும் தெரியும். "வெளியூர்ல ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றேன்.

"குடிக்கறதுக்கும் வெளியூருக்குத்தான் போனீங்களாக்கு?" என்று கேட்டுவிட்டு, பொள்ளாச்சியில் கூட்டம் நடக்கும் இடத்தைச் சொன்னார்.

அந்தக் கூட்டம் சந்தை நாளில் நடந்தது எனக்கு மேலும் வசதியாகப் பட்டது. அத்தனை நெரிசலில் தனி ஒருவனை யார் கவனிக்கப் போகிறார்கள்? சந்தைக்கு உறவினர்களும் வருவார்கள் என்பது மட்டும் என் ஆய்வில் விடுபட்டுப் போயிற்று.

சந்தையின் ஓரமாக நடந்தபோது, "ஏனுங்க மாப்ள!" என்றொரு குரல் கேட்டது. மனைவியின் பெரியப்பா. கறவை மாடு பார்க்கச் சத்தியமங்கலத்திலிருந்து வந்திருந்தார். "இந்தப் பக்கம் எங்கீங்க?"

"மாடு பாக்கலாம்னு வந்தேனுங்க மாமா."

மாடிக் குடியிருப்பில் வாழ்பவன் தந்த இந்தப் பதிலை அவர் துளியும் சந்தேகிக்கவில்லை. "உங்கப்பா தோட்டத்துல கட்டறதுக்குங்களா?" என்று அவரே காரணமும் கண்டுபிடித்தார். "தனியாப் போனா ஏமாத்திப்போடுவானுங்க. வாங்க, நானிருக்கறேன்."

அந்தச் சந்தையில் தரகர்கள் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டால் மூடிய கைகளுக்குள் விரல்களைப் பிடித்தும் அழுத்தியும் பேரம் பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மாமா ஒரு சினைமாட்டைக் காட்டித் தரகரை அழைத்தார். என் கை துண்டுக்குள் போனது. முந்தைய நாளிலிருந்து குடியைக் காணாத கை அது. நடுங்கியது. நான் அழுத்தாத விரல்களெல்லாம் அழுத்தின.

முதலில் தரகரின் முகம் மலர்ந்தது. பிறகு குழம்பியது. "ஏனுங்க, ஒரு வெலையில நில்லுங்க. ஏத்தறீங்க, எறக்கறீங்க, மறுபடி ஏத்தறீங்க. பஸ்ல வந்தீங்களா, ஓடற மோட்டாரு மேல ஒக்காந்து வந்தீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "மாப்ள படிச்சவரு. அப்படித்தான் வெவரமாப் பேசுவாரு" என்று மாமா பெருமைப்பட்டார். என் விரல்கள் கடைசியாக என்ன விலைக்கு ஒப்புக்கொண்டனவோ, தரகர் திருப்தியுடன் துண்டை விலக்கி, மாட்டின் கயிற்றை என்னிடம் நீட்டினார்.

"மாமா, நான் மாடு வாங்க வரலீங்க. குடிய விடறதுக்கு இங்க ஒரு கூட்டம் நடக்குதுங்க. அதுக்கு வந்தேன். அதனாலதான் கை ஆடுது."

வாழ்க்கையில் முதன்முறையாக அதை உரக்கச் சொன்னேன். மனம் திருந்திச் சொன்னதாக எழுதவே விருப்பம். ஆனால் சினைமாட்டிடமிருந்து தப்பிப்பதற்காகத்தான் சொன்னேன்.

சந்தையே ஸ்தம்பித்துவிடும் என்று எதிர்பார்த்தேன். பக்கத்துப் பேரம்கூட நிற்கவில்லை. "இத மொதல்லயே சொல்லியிருந்தா வேற ஆளப் பாத்திருப்பேனுங்களே" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தரகர் நகர்ந்தார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"அம்மணிக்குத் தெரியுமுங்களா?" என் மனைவியைத்தான் கேட்டார்.

"அவ சொல்லித்தானுங்க வந்தேன்."

"அப்பறம் எதுக்குங்க இங்க நின்னுட்டு? கெளம்புங்க, நேரமாகலீங்களா?"

ஆகியிருந்தது. ஒரு தேவாலயத்தை ஒட்டிய சிறு கூடத்துக்குள் நான் நுழைந்தபோது பாதிப் பேர் பேசி முடித்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், சர்க்கரை தூக்கலான டீ. என் முறை வந்ததும், மதுக்கொள்கையின் சமூக விளைவுகள் என்று தொடங்கினேன்.

"அது கெடக்குதுங்க" என்றார் எதிரே இருந்தவர். "நீங்க இன்னைக்கு என்ன பண்ணுனீங்க?"

"குடிக்கலீங்க. ஒரு மாட்ட வாங்கிப்போடப் பாத்தேன்" என்று நடந்ததைச் சொன்னேன்.

"நாங்கெல்லாம் போதையிலதானுங்க இப்படி வாங்குவோம். நீங்க தெளிஞ்சே வாங்கறீங்களே!" என்றார் அவர்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதன்பிறகு, கொள்கையை விட்டுவிட்டு, வீட்டில் அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்த பாட்டில்களைப் பற்றிப் பேச முடிந்தது.

நான் வீடு திரும்புவதற்குள் செய்தி சத்தியமங்கலம் முழுவதும் பரவியிருந்தது. மறைப்பதற்கு இனி எதுவும் இல்லாததால், அதற்கடுத்த வாரத்திலிருந்து ஆர்.எஸ்.புரத்துக் கூட்டத்துக்கே போகிறேன். எங்கே என்று யாராவது கேட்டால் சொல்கிறேன். இதுவரை குடிக்கவில்லை. மகளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. மனைவி ஊருக்குப் போகவில்லை.