மஸ்தூரா பேகிம் ஊற்றிய தேநீர்

மஸ்தூரா பேகிமின் வம்சத்தில் ஆண்கள் வாள் பிடித்தார்கள். அவர் தேநீர்க் கெண்டி பிடித்தார். கோகந்த் அரண்மனை அந்தப்புரத்தில் அரசரான கானின் தாயார் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றுவதுதான் உத்தியோகம். அதற்குத்தான் அந்தப் பட்டு அங்கி, அந்த மிடுக்கு, வாசலைவிட்டுத் தள்ளி அந்த உயர்ந்த இடம்.

எங்கள் ஊரில் கிண்ணத்தில் தேநீர் குறையக் குறைய மரியாதை கூடும். அடி நனைய ஊற்றினால், இன்னும் இருங்கள் என்று பொருள். விளிம்பு தட்ட ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள். தாயார் தவ்லத் பிபி இமையை லேசாக அசைப்பார். பேகிமின் கை யாரோ ஒருத்தியின் கிண்ணத்தை நிரப்பிவிடும். இப்படி எத்தனை சீமாட்டிகளை நடையைக் கட்ட வைத்தாரோ! சொந்த அக்காளையும் விட்டுவைக்கவில்லை.

"கை தவறிடுச்சுக்கா" என்றார் சிரித்த முகத்தோடு. அந்தக் கை தவறியதாகச் சரித்திரமே கிடையாது.

ஓர் இலையுதிர்காலத்தில் கான் கவிழ்ந்தார். ஒன்றுவிட்ட தம்பி அரியணை ஏறினான். அவன் தாயார் ஸுஹ்ரா பிபி அந்தப்புரத்துக்கு வந்து உயர்ந்த இடத்தில் அமர்ந்தார். தவ்லத் பிபியோ எழுந்து போகாமல் எதிரே அழுத்தமாக உட்கார்ந்திருந்தார். பேகிம் கணக்குப் போட்டார். கணவரும் இல்லை, பிள்ளையும் இல்லை. இந்த இடம் போனால் அக்காள் வீட்டு வாசல்தான். அக்காளா உள்ளே விடுவாள்?

யாரும் சொல்லாமலே கெண்டியை எடுத்தார். புதுத் தாயாருக்கு அடி நனைய ஊற்றினார். பழைய தாயாருக்கு விளிம்பு தட்ட.

"ஏண்டி மஸ்தூரா, எனக்கா?" என்றார் தவ்லத் பிபி. "உன் புருஷன் செத்தப்போ என் மடியிலதானடி விழுந்து அழுத?"

"ஆறிடப்போகுது, குடிங்கம்மா."

கிழவி ஒரே மூச்சில் குடித்து, கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியேறினார். இந்த இடத்தைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

"நல்ல கை" என்றார் ஸுஹ்ரா பிபி. "கேக்காமலே வேலை செய்யுது."

பேகிமுக்கு உச்சி குளிர்ந்தது. "எல்லாம் உங்க துஆ, உங்க ஆசிதான் தாயாரே."

"நாளைக்கு இன்னொருத்தி இங்க வந்து உக்காந்தா எனக்கும் இப்படித்தானே ஊத்துவே? ஒரு கிண்ணம் எடு. உனக்குத்தான்."

பேகிம் எடுத்தார். தனக்கு என்றதும் அந்தக் கை அடி நனைய மட்டும் ஊற்றி நின்றுகொண்டது.

"இன்னும் ஊத்து" என்றார் ஸுஹ்ரா பிபி.