பட்டியலில் மூன்றாவது பெயர்

ஆமத்தூரில் பிறந்த வேலுத்தாய் பத்து வயதில் தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டினாள். இருபத்திரண்டாவது வயதில் சிவகாசி அச்சகம் ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அதே லேபிளை வரையக் கற்றுக்கொண்டாள். 2009-ல் அவளுக்கு முப்பத்தாறு வயது. திருத்தங்கலில் மாடி வைத்த சின்ன வீடு. கணவன் மாரிசாமி லோடு வண்டியோடு வாரத்தில் நாலு நாள் வெளியூரில் இருப்பான். மாடியறையில் இருந்தபடியே அவள் ஏழெட்டுப் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பெட்டி லேபிள் வரைந்து கொடுத்தாள்.

அந்த வருடம் மார்ச் மாதத்தில் எம். புதுப்பட்டியிலிருந்து சீனிவாசகம் வந்தார். அவளிடம் அதிகமாக ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்காரர். கையில் வேறொரு கம்பெனியின் விலைப்பட்டியல் புத்தகம். உட்காராமலே அதை விரித்துக் காட்டினார். தரைச்சக்கரப் பெட்டி ஒன்றின் மேல், தோகையை மடக்கிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்க்கும் மயில்.

அவருக்காக ஜனவரியில் வேலுத்தாய் வரைந்த மயில். புரூஃப், அதாவது மாதிரிப் பிரதி, எடுத்துக் கொடுத்ததோடு சரி; இன்னும் அச்சுக்கே போகவில்லை.

"இது எப்படிம்மா அங்கன போச்சு?"

"தெரியல அண்ணாச்சி. நான் யாருக்கும் குடுக்கல."

"நீ குடுத்தேன்னு நான் சொன்னேனா?" என்றார். ஆனால் வைத்த காப்பியைத் தொடாமல் போனார். புது ஆர்டர் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றிலிருந்து வேலுத்தாய்க்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம் வந்தது. அச்சகத்தில் பிளேட் போடுகிறவர் முன்பு அந்த இன்னொரு கம்பெனியில் இருந்தவராயிற்றே? மாரிசாமி வண்டியில் கூட வருகிறவர்களிடம் எதையாவது பெருமையாகச் சொல்லியிருப்பானோ? அவனிடமே கேட்டுவிட்டாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு, "ஒனக்கு என்னாச்சு?" என்று மட்டும் கேட்டான். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை.

பழைய கம்ப்யூட்டரின் மேலும் நம்பிக்கை போய்விட்டது. விருதுநகருக்குப் பஸ் ஏறிப் போய்ப் புது லேப்டாப் ஒன்று வாங்கி வந்தாள். இனி புது லேபிளெல்லாம் இதில்தான், இதை ஒருவரும் தொடக்கூடாது என்று முடிவு.

லேப்டாப்பைத் திறந்ததும் அது வீட்டு வைஃபையைக் கண்டுபிடித்துப் பாஸ்வேர்டு கேட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால், போன் லைன் கீழே வாசலிலும் அவள் வேலை மாடியிலும் இருந்ததால், புகழேந்தி என்கிற கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் மாட்டிக்கொடுத்த ரவுட்டர் அது. பாஸ்வேர்டு எழுதிய துண்டுச்சீட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. அவருக்குப் போன் போட்டாள்.

புகழேந்தி ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. பத்து எண்களையும் கடகடவென்று சொன்னார்.

வேலுத்தாய் எழுதுவதை நிறுத்தினாள். "மூணு வருசமாச்சு. எம்புட்டோ வீட்டுக்கு மாட்டுறீக. எங்க வீட்டு நம்பரு எப்படி ஞாபகம் இருக்கு?"

"எல்லா வீட்டுக்கும் அதேதான்க்கா. என் செல் நம்பர்தான். மறக்காதுல்ல?" சிரித்தார். "கனெக்ட் ஆகலைன்னா சொல்லுங்க, வந்து பாஸ்வேர்டையே எடுத்து விட்டுர்றேன். ஒரு தொல்லையும் இருக்காது."

"வேண்டாம்" என்று போனை வைத்தாள்.

அந்த செல் நம்பர் அவர் கடைச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கூடப் படிக்கலாம்.

எண்களை அடித்ததும் லேப்டாப் இணைந்தது. அதோடு விடாமல் ரவுட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் அதன் உள்பக்கத்துக்குப் போகும் முகவரியும், அதற்கொரு பெயரும் பாஸ்வேர்டும் அச்சாகியிருந்தன. கடையிலிருந்து வந்ததோடு சரி, யாரும் அதை மாற்றவில்லை. உள்ளே போய் ஒவ்வொரு பக்கமாகத் திறந்தாள். ஓரிடத்தில் இப்போது இணைந்திருக்கும் கம்ப்யூட்டர்களின் பட்டியல் இருந்தது. அவள் வீட்டில் இருப்பது இரண்டு. பட்டியலில் மூன்று பெயர்கள்.

மூன்றாவது பெயர் சல்மா.

ஒட்டுச் சுவர் பக்கத்து வீட்டுக்காரி உம்மு சல்மா. அவள் கணவர் முகம்மது நூகு பேப்பர் வியாபாரி, அச்சகங்களுக்கெல்லாம் பேப்பர் போடுகிறவர். நோன்புக் கஞ்சியும் பொங்கலும் அந்தச் சுவரைத் தாண்டிப் போய்வந்து எட்டு வருடமாகிறது. இப்போது வேலுத்தாய்க்கு வேறொன்று தோன்றியது. எந்த அச்சகத்துக்குத்தான் நூகு போகமாட்டார்?

மூன்று நாள் அந்தப் பட்டியலைத் திறந்து திறந்து பார்த்தாள். காலை பத்தரைக்குப் பெயர் வரும். பாங்கு சொல்லும் நேரத்தில் போகும். மறுபடி வரும். வாசலில் சல்மா, "என்னக்கா, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டபோது கதவைச் சாத்தினாள்.

நான்காம் நாள் பொறுக்கவில்லை. லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"சல்மா, ஒளிவுமறைவு இல்லாமக் கேக்கேன். எங்க வீட்டு நெட்ட நீ எடுக்கியா?"

சல்மா அரிவாள்மனையை ஒதுக்கிவைத்து எழுந்தாள். "எங்களுக்கு எதுக்குக்கா உங்க நெட்டு?" என்று கூடத்து அலமாரியைக் காட்டினாள். அங்கே இன்னொரு ரவுட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது. "போன வருசம் புகழேந்தி வந்து மாட்டுனது."

"அப்ப எங்க பெட்டிக்குள்ள உன் பேரு எப்படி வருது? பாரு." கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். அது எதையும் கேட்கவில்லை. தானாகவே இணைந்துகொண்டது, சிக்னலின் ஐந்து கோடும் நிறைந்து. பட்டியலைத் திறந்தால் வேலுத்தாயின் பழைய கம்ப்யூட்டர் அதில் இல்லை. அவள் லேப்டாப்பின் பெயர் மட்டும் இருந்தது. அவள் உட்கார்ந்திருந்தது சல்மா வீட்டு நெட்டுக்குள்.

சல்மா எட்டிப் பார்த்தாள். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. "இப்ப நீங்கதான் எங்க வீட்டு நெட்டுல இருக்கீக. நானும் உங்கள அப்படிக் கேக்கட்டுமாக்கா?"

வேலுத்தாயால் நிமிர முடியவில்லை.

இரண்டு வீட்டு வைஃபைக்கும் புகழேந்தி வைத்தது ஒரே பெயர், ஒரே எண். எந்த ரவுட்டர் கிட்டே இருக்கிறதோ அதைக் கம்ப்யூட்டர் தானாகப் பிடித்துக்கொள்கிறது. சல்மாவின் கம்ப்யூட்டர் உள்ளறையில், ஒட்டுச் சுவரோரம் இருந்தது; அதற்கு வேலுத்தாய் வீட்டு ரவுட்டர்தான் கிட்டே. இரண்டு பேரும் போய் அதைத் திறந்தார்கள். நெட்வொர்க் என்ற இடத்தை அழுத்தியதும் வேலுத்தாயின் பழைய கம்ப்யூட்டரிலிருந்து 'லேபிள்' என்றொரு ஃபோல்டர் வந்தது. பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் விரிந்தது. மூன்று வருட வேலை, அந்த மயிலும்.

"அல்லாவே, இத இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள் சல்மா.

வேலுத்தாய் அவள் முகத்தைப் பார்த்தாள். நம்பவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் பாதிதான் முடிந்தது.

அன்று மத்தியானமே ரவுட்டரின் கையேட்டைத் தேடி எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாள். வைஃபைக்குப் புகழேந்தி போட்டிருந்த பாதுகாப்புப் பூட்டு பழைய ரகம். விவரம் தெரிந்தவர் கொஞ்ச நேரத்தில் உடைத்துவிடலாம் என்று இணையத்தில் நாலு இடத்தில் எழுதியிருந்தார்கள். லேப்டாப் இதைவிடப் பலமான இரண்டு ரகங்களைக் காட்டியது. ரவுட்டருக்கு அதில் ஒன்றுதான் தெரியும். அதைத் தேர்ந்தெடுத்தாள். வீட்டு வைஃபைக்கு வேறு பெயர் வைத்தாள். இருபத்துநாலு எழுத்தில் புதுப் பாஸ்வேர்டு. சேமித்த மறுகணம் இணைப்பு அறுந்தது. திரும்ப இணையவே இல்லை.

கெடுத்துவிட்டோமோ என்று பயந்தாள். புகழேந்திக்குப் போன் போடக் கை போயிற்று. போடவில்லை. ரவுட்டரோடு வந்த வயரை எடுத்து லேப்டாப்பில் செருகி மறுபடி உள்ளே போய்ப் பார்த்தால், எல்லாம் அவள் மாற்றியபடியே இருந்தது. லேப்டாப் மட்டும் பழைய பெயரையும் பழைய எண்ணையும் பிடித்துக்கொண்டு தேடிக்கொண்டிருந்தது. அதை அழித்துவிட்டுப் புதுப் பெயரைத் தொட்டு இருபத்துநாலு எழுத்தையும் அடித்தாள். இணைந்தது. ரவுட்டருக்குள் போகும் பாஸ்வேர்டையும் மாற்றினாள். பழைய கம்ப்யூட்டரையும் அப்படியே இணைத்து, லேபிள் ஃபோல்டரை மற்றவர்களும் பார்க்கும்படி விட்டிருந்த பகிர்வை எடுத்தாள். இப்போது பட்டியலில் இரண்டு பெயர்கள்.

மறுநாள் சல்மா வந்து வாசலிலேயே நின்றாள். "எங்க வீட்டுலயும் மாத்திக் குடுங்கக்கா. அவுக அந்தப் புகழேந்திய இனிமே கூப்பிட வேண்டாம்னுட்டாக."

வேலுத்தாய் போய் எல்லாவற்றையும் மாற்றினாள். புதுப் பாஸ்வேர்டு அடிக்கவேண்டிய இடம் வந்ததும் எழுந்து சல்மாவை உட்காரவைத்து, தான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"நீங்க பாத்தா என்னக்கா?"

"பாக்கக்கூடாது. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா நீ என்னத்தான் நினைப்ப."

சல்மா ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி முடித்தாள்.

ஜூன் மாதம் சீனிவாசகம் போன் செய்தார். அவருடைய சேல்ஸ் ஏஜென்ட்தான் பிப்ரவரியில் மதுரைக் கடைக்காரர்களிடம் மயில் புரூஃபைக் காட்டி ஆர்டர் பிடித்திருக்கிறார். அங்கேயே யாரோ ஒரு பிரதி கேட்டு வாங்கியிருக்கிறார்கள்; அது அப்படியே அந்த இன்னொரு கம்பெனிக்குப் போய்விட்டது. "அத விடும்மா. கலர் மத்தாப்புக்கு ஒரு லேபிள் வேணும், எப்பத் தருவ?" என்றார். அவளைச் சந்தேகப்பட்டதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவளும் கேட்கவில்லை. பிளேட் போடுகிறவரை, மாரிசாமியை, சல்மாவை, நூகுவை என்று நாலு பேரைத் தானும் மனதுக்குள் திருடராக்கி வைத்திருந்தாள். ஒருவரும் செய்யவில்லை. ஆனாலும் அந்த ஃபோல்டர் மூன்று வருடம் திறந்தே கிடந்தது. அதற்குள் யார் யார் வந்து போனார்கள் என்று இனி யாராலும் சொல்லமுடியாது.

மத்தாப்பு லேபிளின் புரூஃபை வாங்கிப் பார்த்த சீனிவாசகம் முகம் சுளித்தார். படத்தின் குறுக்கே, மூலைக்கு மூலை, 'மாதிரி' என்று சாம்பல் நிறத்தில் பெரிதாக அடித்திருந்தது.

"என்னம்மா இது, படத்தையே மறைக்குது?"

"ஆர்டர் உறுதியானதும் எடுத்துத் தாரேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் இப்படித்தான்."

சீனிவாசகம் அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.