அத்தாருக்குக் கட்டிய அறை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், டோஹாவின் நஜ்மாவில் உள்ள ஒரு தேநீர்க் கடைக்கு ஒருவரைத் தேடிப் போனேன். ஜும்ஆ முடிந்து கடைகள் மறுபடி திறக்கும் நேரம். வெளியே நிற்க முடியாத வெயில். நான் தேடிப் போனவர் எங்கள் ஊர்க்காரர்; ஒரு கம்பனியில் ஸ்டோர் கீப்பராக இருப்பவர். அவருடைய மூத்த அண்ணன் லண்டனில், என் அக்காவின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த அண்ணனின் சம்மதம் ஒன்று எங்களுக்குத் தேவைப்பட்டது. இரண்டு மாதமாக அது கிடைக்கவில்லை. இங்கே இருக்கும் தம்பியைப் பிடித்தாவது கேட்டுப் பார்க்கலாம் என்று போனேன்.

விடயம் இதுதான். அந்த வருடம் மாசி மாதத்தில் அக்காவின் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. அத்தார் என்றுதான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. அத்தனை வருடமாகப் பேசிய ஆங்கிலம் முழுவதும் போய், உடைந்த தமிழ் கொஞ்சம் மிஞ்சியது. அக்காவின் வீட்டில் குளியலறையும் கழிவறையும் மேல்மாடியில் இருந்ததால், படியேற முடியாதவரை மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பவில்லை. கீழே ஓர் அறையும் கழிவறையும் இருந்தால் அனுப்பலாம் என்றார்கள். அதுவரைக்கும் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வைத்தார்கள். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அக்கா தினமும் பஸ் மாறி மாறிப் போய் வந்தார். போகிற நேரமெல்லாம் அத்தார் கேட்டது ஒன்றுதான்.

"எப்ப வீட்டை?"

அந்த அறையைக் கட்டுவிக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். என்னுடைய தொழிலே இதுதான். கட்டாரில் ஒரு ஒப்பந்தக் கம்பனியில் அனுமதிகள் வாங்கும் பிரிவில் இருக்கிறேன். இங்கே தெருவோரம் ஒரு சின்னக் கிடங்கு, ஒரு குழி, வெட்டுவதானாலும் மின்சாரம், தண்ணீர், தொலைபேசி என்று ஒவ்வோர் இடத்திலும் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் வாங்க வேண்டும். என்.ஓ.சி. என்பார்கள். தும்முவதற்கும் என்.ஓ.சி. வாங்கித்தான் தும்ம வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் பகிடி பண்ணுவார்கள். அந்தக் கடிதத்தைக் கேட்டு எழுதுவதில் எனக்குக் கூச்சமோ கோபமோ இருந்ததில்லை. கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரையொருவர் பார்ப்பதுகூட இல்லை.

பிரித்தானியாவில் வீட்டைப் பெருப்பிக்க விரும்புகிறவர்களுக்காக எழுதி வைத்திருக்கும் வழிகாட்டலை இணையத்தில் ஒரு வரி விடாமல் வாசித்தேன். தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். பின்பக்கத்தில் அளவோடு, மாடியில்லாமல் கட்டினால் பெரும்பாலும் திட்ட அனுமதி தேவைப்படாது. அதற்காகக் கட்டட விதிகள் விட்டுவிடாது. அத்திவாரம், வடிகால், மின்சாரம் எல்லாவற்றையும் ஒரு பரிசோதகர் வந்து பார்ப்பார். கிடங்கில் கொங்கிறீட் ஊற்றுவதற்கு முன்பே அவர் பார்த்தாக வேண்டும். இவை இரண்டுக்கும் புறம்பாக இன்னொன்றும் இருந்தது. பக்கத்து வீட்டின் அத்திவாரத்துக்குக் கிட்டத் தோண்டுவதானால், அந்த வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர் சம்மதம் எழுதித் தந்தால் வேலையைத் தொடங்கலாம். இரண்டு கிழமைக்குள், அதாவது பதினான்கு நாளுக்குள், பதில் வராவிட்டால் அது பிணக்கு. இரு பக்கத்துக்கும் அளவையாளர்கள், சர்வேயர்கள், வந்து தீர்த்து வைத்த பிறகுதான் மண்வெட்டி இறங்கலாம்.

அக்கா பிடித்திருந்த கட்டடக்காரரும் தமிழர். பக்கத்தில் இருப்பது எங்கடை ஆட்கள்தானே, கடிதம் என்னத்துக்கு என்று அவர் கேட்டாராம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அறிவிக்காமல் தொடங்கி, இடையில் யாராவது நீதிமன்றம் போய் வேலையை நிறுத்தினால் அத்தாரின் கதி என்ன? சட்டம் சொன்ன படிவத்திலேயே கடிதத்தை எழுதி, வரைபடத்தையும் சேர்த்து அக்காவுக்கு அனுப்பினேன். நேரே கொண்டுபோய்க் கொடுத்து, விடயத்தைச் சொல்லி, கையெழுத்தை வாங்குங்கள் என்றேன். குடுத்திட்டன் என்று அக்கா சொன்னார்.

பதில் வரவில்லை. தவணை முடிந்தது. நாங்கள் ஓர் அளவையாளரை அமர்த்தினோம். பக்கத்து வீட்டுக்காரர் தன் பக்கத்துக்கு ஒருவரை அமர்த்தினார். அந்த மனிதர் மண்ணைப் பற்றிக் கேட்டார், வடிகாலைப் பற்றிக் கேட்டார், வரைபடத்தை மாற்றச் சொன்னார், மாற்றியதைப் பற்றி மறுபடி கேட்டார். எல்லாம் சட்டப்படி சரியான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான் டோஹாவிலிருந்து பதில் எழுதினேன். லண்டனில் கோடை காலம் முழுவதும் இப்படியே போனது. கிடங்கு வெட்ட நல்ல காய்ந்த நிலம். வெட்ட முடியவில்லை. அத்தாருடைய எடை குறைந்துகொண்டே வந்தது. அந்த இல்லத்துச் சாப்பாட்டை அவர் வாயில் வைத்துக்கொண்டே இருப்பாராம், விழுங்க மாட்டாராம்.

இந்த நிலையில்தான் நான் நஜ்மாவுக்குப் போனேன். ஸ்டோர் கீப்பர் உள்ளே குளிரூட்டிக்கு நேர் கீழே இருந்தார். என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். ஆனால் முகம் பழைய முகமாக இல்லை.

"என்ன அண்ணை, எங்கடை அண்ணைக்கு நோட்டீஸ் விட்டுப்போட்டு என்னோடை டீ குடிக்க வந்திருக்கிறியள்?"

அது நோட்டீஸ் அல்ல, அந்த நாட்டு நடைமுறை என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். சட்டம் தனக்கும் விளங்கும் என்றார். ஆனால் தங்கள் வீட்டில் நோட்டீஸ் என்றால் வேறு என்றார். ஊரில் அவர்களுடைய தகப்பனாருக்கும் சித்தப்பாவுக்கும் ஒரு வேலிச் சண்டை. கிடுகு வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டதில் தொடங்கி, சட்டத்தரணியின் கடிதம் ஒன்று வந்ததோடு பேச்சுவார்த்தை நின்றுவிட்டதாம். "அப்பு செத்த வீட்டுக்கும் சித்தப்பா வரேல்லை. உந்தக் கடிதத்தைக் கண்டவுடனை அண்ணைக்கு அதுதான் நினைவு வந்திருக்கும். பதினஞ்சு வரியமா ஒரே சுவரிலை இருந்த சனம். ஒரு சொல்லு இல்லை. கதவிலை உள்ள ஓட்டைக்குள்ளாலை போட்டிட்டுப் போயிருக்கினம்."

அக்கா நேரே கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் இன்னும் முடிக்கவில்லை.

"அறை கட்டி வாடகைக்கு விடுங்கோவன். உழைக்கிறதை ஆர் வேண்டாம் எண்டது? லண்டனிலை எல்லாரும் செய்யிறதுதான். ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுச் செய்யலாம்."

"வாடகைக்கோ? ஆர் சொன்னது?"

"பேந்து ஆருக்கு? அத்தார் மகளோடை போய் இருக்கிறார் எண்டு அக்காதானே சொல்லியிருக்கிறா."

அத்தார் ஊர் ஒன்றியத்தில் மேடையேறிப் பேசுகிறவர். எந்த வீட்டு விசேஷத்திலும் ஒலிவாங்கி அவர் கையில்தான் இருக்கும். வாய் கோணிய பிறகு, தன்னை இந்தக் கோலத்தில் ஒருவரும் பார்க்கக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அது எனக்கும் தெரியும். ஆனால் சுவருக்கு அடுத்த பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அக்கா மறைத்திருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. நேரே போனால் அறை யாருக்கு என்று கேட்பார்கள். அதனால்தான் கதவுக்குள் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

சொல்வதா, விடுவதா என்று யோசித்தேன். அது அத்தாரின் சத்தியம், என்னுடையது அல்ல. அக்காவைக் கேட்டால் விடமாட்டார். கேட்காமலே சொன்னேன். மாசியிலிருந்து படுக்கை, வாய் பேச வராது, அறை அவருக்குத்தான் என்றேன். ஸ்டோர் கீப்பர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, தொலைபேசியை எடுத்து லண்டனுக்கு அழைத்தார். சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார். மறுபக்கத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவரான அந்த அண்ணன் பேசினார்.

"விடியக் காலமை சுவருக்கு அங்காலை இருமிக் கேக்கும். அஞ்சாறு மாசமாக் கேக்கேல்லை. மகளோடை எண்டுதானே தம்பி நான் இருந்தன். எந்த இடத்திலை விட்டிருக்கிறியள்?"

அந்தக் கிழமையே அவருடைய அளவையாளரின் கேள்விகள் நின்றன. தீர்வுப் பத்திரம் கையெழுத்தாகி வந்தது. அதைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அக்காவின் அழைப்புத்தான் முதலில் வந்தது.

"உன்னை ஆர் சொல்லச் சொன்னது? அந்த மனிசன் என்னட்டை ஒண்டே ஒண்டுதானே கேட்டது."

பக்கத்து வீட்டுக்காரர் அந்தத் தொலைபேசிப் பேச்சுக்கு மறுநாளே இடியப்பமும் சொதியும் கொண்டு பராமரிப்பு இல்லத்துக்குப் போயிருக்கிறார். அவரைக் கண்டதும் அத்தார் நல்ல கையால் வாயைப் பொத்திக்கொண்டாராம். வந்தவர் திரும்பிப் போகவில்லை. பக்கத்தில் இருந்து, தோட்டத்துத் தக்காளியைப் பற்றியும் குப்பை எடுக்கும் நாள் மாறியதைப் பற்றியும் தன்பாட்டுக்குக் கதைத்திருக்கிறார். வெகுநேரத்துக்குப் பிறகு அத்தார் கையை எடுத்தார். எடுத்துவிட்டு, எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டார். அந்தப் பெரியவர் பின்னேரம் அக்காவின் வாசலில் வந்து நின்று, "எப்ப வீட்டை எண்டு கேக்கிறார், பிள்ளை. நான் அவருக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டிருக்கிறார். அக்கா அன்றைக்குத்தான் அவரை உள்ளே வரச் சொன்னார்.

பிறகு அவர் போகாத கிழமை இல்லை. ஆனால் வேலை தொடங்கும்போது மழைக்காலம் வந்துவிட்டது. வெட்டிய கிடங்கில் தண்ணீர் நின்றது. இறைத்து, காயவிட்டு, பரிசோதகர் பார்த்து, கொங்கிறீட் போட இன்னும் நாள் எடுத்தது. சுவர் யன்னல் மட்டத்துக்கு வந்த கிழமையில் அத்தாருக்கு நெஞ்சில் சளி கட்டியது. நவம்பரில், அந்த இல்லத்திலேயே, காலமானார். விசா எடுக்க அவகாசம் இல்லை. செத்த வீட்டுச் சடங்கை நான் சைட்டில் ஒரு கன்டெய்னர் அலுவலகத்துக்குள் இருந்து தொலைபேசித் திரையில் பார்த்தேன். வெளியே டிப்பர்கள் போய்க்கொண்டிருந்தன. பெட்டியின் தலைமாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றார்.

நான் அக்காவிடம் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தவும் முடியாது. பின்பக்கம் திறந்து கிடந்தது, குளிர் உள்ளே வந்தது, பழைய வடிகாலை வெட்டி மாற்றியாகிவிட்டது. தொடங்கியதை விதிப்படி முடித்துத்தான் ஆக வேண்டும். ஒருவரும் இருக்கப்போகாத அறைக்கு நான் தொலைபேசியில் தரை ஓடு தெரிவு செய்தேன். வழுக்காத ஓடாகத்தான் தெரிவு செய்தேன். கட்டடக்காரர் ஒரு நாள் எங்கள் இருவரையும் அழைப்பில் வைத்துக்கொண்டு, கழிவறைச் சுவரில் கைபிடி போடுவதா என்று கேட்டார். அவர் மறுபடி கேட்டார். போடுங்கோ என்று நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. வரைபடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

கடைசியாகப் பரிசோதகர் வந்தபோது கதவின் அகலத்தை அளந்து பார்த்துவிட்டு, சக்கர நாற்காலி தாராளமாகப் போகும், நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினாராம். அக்கா அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறார். யாருக்காக என்று அவர் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. அந்த அறைக் கதவு இன்றைக்கும் சாத்தியே இருக்கிறது.

நான் சத்தியத்தை மீறியதற்கு அக்கா என்னை மன்னித்தாரா என்று கேட்டதில்லை. நோயை மறைக்கிறவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வருவதில்லை. அத்தார் வாயைப் பொத்திய கை கண்ணுக்குள் நிற்கிறது. ஆனால் யாராவது என்னிடம் வீட்டில் ஒருவருக்கு இயலாமல் இருக்கிறது என்று சொன்னால், என்ன வருத்தம், எந்த மருத்துவர் என்று கேட்பதற்கு முன்பு, பக்கத்து வீட்டுக்குத் தெரியுமா என்றுதான் இப்போது கேட்கிறேன்.